விழுந்தபின் தூக்குவதா, விழாமல் காப்பதா?

“வயசாகிவிட்டது, விழுந்துவிட்டார்.”

முதியவர் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் வீட்டார் சொல்லும் வார்த்தை இது. அக்கம்பக்கத்தார் சொல்வதும் இதுதான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் சொல்வதும் இதுதான். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல, வயசாகிவிட்டது, விழுந்துவிட்டார்! அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை.

நாம் கேட்க விரும்புகிறோம். ஏன் விழுந்தார்? விழாமல் காத்திருக்க முடியாதா? முடியும் என்றால், அதைச் செய்யத் தவறியது யார்?

இது சில்லறை விஷயம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கூலி, பென்ஷன், ரேஷன், வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்கும்போது, கிழவர்களின் தேகப்பயிற்சியைப் பற்றி எழுதுவானேன் என்று அவர்கள் கேட்கக்கூடும். அவர்களை நாம் குறை கூறப் போவதில்லை. சில காலம் முன்பு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு விவசாயத் தொழிலாளித் தாய் நமக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு தாயின் கதை

திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்ந்தவர் அவர். பத்து வயதில் வயலில் இறங்கியவர். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குனிந்து நிமிர்ந்த உடம்பு. சங்க ஊர்வலம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் நிற்பார். பஸ் கிடைக்காவிட்டால் ஐந்து மைல் நடந்தே வருவார். “இந்த அம்மாவுக்கு வயதே ஆகாது” என்று நாம் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

பிறகு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன. வயதான பெண்களுக்கு வேலை அடியோடு குறைந்தது. முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. “நீ உழைத்ததெல்லாம் போதும், உட்கார்ந்து சாப்பிடு ஆத்தா” என்றார் மகன். அன்பினால் சொன்ன வார்த்தை. தாயும் உட்கார்ந்தார். காலையில் திண்ணை, மத்தியானம் கட்டில், மாலையில் மறுபடி திண்ணை. இப்படி மூன்றாண்டுகள் கழிந்தன.

ஐப்பசி மாதத்து மழை இரவில் கொல்லைப்பக்கம் போனார். விளக்குக் கிடையாது. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கியது. முன்பெல்லாம் வரப்பில் எத்தனையோ முறை வழுக்கியிருக்கிறார்; வழுக்கிய வேகத்தில் மறுகாலை ஊன்றி நின்றிருக்கிறார். அன்று மறுகால் நிற்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் காத்திருந்தார். ஆபரேஷன் நடந்தது. எலும்பும் கூடியது. ஆனால் அவர் மறுபடி தனியாக நடக்கவில்லை.

நாம் பார்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “விழுந்தது ஒரு நிமிஷம் தம்பி. அதுக்கப்புறம் நான் எந்திரிக்கவே இல்லை.”

பதினோராவது மாதம் அவர் காலமானார்.

மகன் தாயைக் கைவிடவில்லை. நாள் முழுதும் மருமகள் பணிவிடை செய்தார். ஆபரேஷன் செய்த டாக்டரும் தம் கடமையைச் செய்தார். அப்படியானால் தவறு எங்கே? விழுவதற்கு முந்திய மூன்றாண்டுகளில் இருக்கிறது தவறு. ஓய்வு என்று நாம் எல்லோரும் எண்ணியது, அவர் கால்களின் பலத்தை நாள்தோறும் கரைத்துக்கொண்டிருந்தது. அதை அவருக்கும் யாரும் சொல்லவில்லை, மகனுக்கும் யாரும் சொல்லவில்லை. ஏன், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்த நாமும் சொல்லவில்லை. நமக்கே தெரியாது!

உழைத்த உடம்புக்கு எதற்குப் பயிற்சி?

“வாழ்நாள் பூராவும் உழைத்தவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு?” என்று நம் தொழிலாளித் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலும் நேராகவே சொல்லவேண்டும்.

பலத்தைப் பாங்கியில் போட்ட பணம்போலச் சேர்த்துவைக்க முடியாது. பயன்படுத்தினால் இருக்கும், விட்டால் போய்விடும். ஐம்பது வயதுக்குப் பிறகு மனிதனின் தசை ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கோ, இரண்டு பங்கோ குறைகிறது. தசை குறைவதைவிட வேகமாகப் பலம் குறைகிறது. தசைகளில் மெதுவாக இயங்கும் இழைகளும் உண்டு, சட்டென்று இயங்கும் இழைகளும் உண்டு. முதுமையில் அதிகமாகச் சுருங்குவது சட்டென்று இயங்கும் இழைகள். கால் இடறினால் நொடியில் மறுகாலை ஊன்றி உடம்பைத் தாங்குவது இந்த இழைகள்தாம். ஆகவே, மெதுவாக நடக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறார் என்று தோன்றுகிற முதியவர், இடறிய கணத்தில் அடியற்ற மரம்போல விழுகிறார்.

படுக்கை இதை இன்னும் விரைவாகச் செய்கிறது. அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நோயில்லாத பன்னிரண்டு முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். சராசரி வயது 67. பத்தே நாளில் கால்களிலிருந்து சுமார் ஒரு கிலோ தசை போய்விட்டது! நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், எலும்பு முறிந்து வாரக்கணக்கில் கிடக்கும் ஏழைத் தொழிலாளியின் கதி என்ன?

இன்னொன்றும் உண்டு. அதுதான் பயம். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழுவோமோ என்று அஞ்சி நடையைக் குறைக்கிறார். நடை குறைவதால் பலம் குறைகிறது. பலம் குறைவதால் மறுபடி விழுகிறார். வீட்டாரும் “எழுந்திருக்காதே, நடக்காதே” என்று சொல்லிச் சொல்லி இந்தச் சுழலில் அவரை ஆழ்த்துகிறார்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்னை அல்ல. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கணக்கிட்டது. இவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். வழுக்கும் கல்லும், விளக்கில்லாத கொல்லையும், பாதிச் சாப்பாடும், எட்டாத ஆஸ்பத்திரியும் உள்ள இடத்தில்தான் விழுவது சாவாக முடிகிறது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

போன பலம் திரும்புமா? திரும்பும் என்பதே விஞ்ஞானத்தின் பதில்.

1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், முதியோர் இல்லமொன்றில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் வயது 86 முதல் 96 வரை! எட்டு வாரம் கால்களுக்குப் பளு கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். முடித்தவர்களின் கால் தசையின் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில் இது நடக்கும் என்றால் அறுபத்தைந்து வயதில் நடக்காதா?

1994-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் சராசரி வயது 87 உள்ள நூறு பேரைக்கொண்டு பத்து வாரம் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. மாடிப்படி ஏறும் சக்தி நூற்றுக்கு 28 கூடியது. சத்துணவை மட்டும் கொடுத்துப் பயிற்சி அளிக்காதவர்களுக்குப் பலம் கூடவில்லை. இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். ஊட்டம் கொடுத்து உட்கார வைத்தால் போதாது. அதேபோல, பசித்த வயிற்றோடு பளு தூக்கச் சொல்வதும் பேதைமை. பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதை நாம் ஏற்கமாட்டோம்.

பலம் கூடுவது சரி, விழுவது குறையுமா? இதற்கு நியூஸிலாந்தின் டனீடின் நகரத்திலிருந்து பதில் வந்தது. ஒடாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஜான் கேம்பெல்லும் அவருடைய சகாக்களும் எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய், கணுக்காலில் பளு கட்டிச் செய்யும் பயிற்சியும், நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் நான்கே முறைதான் போனார். பிறகு அந்தப் பெண்கள் தாமாகவே செய்தார்கள். ஓராண்டு முடிவில் கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெறாத பிரிவில் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற பிரிவில் 88 முறை. இது 1997-ல் வெளியாயிற்று.

ஓர் ஊரின் அனுபவம் போதாது என்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2019-ல் 25 நாடுகளில் நடந்த 108 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் கலந்துகொண்ட முதியவர்கள் 23,407 பேர். தேகப்பயிற்சி செய்தவர்கள் விழுவது நூற்றுக்கு 23 குறைந்தது. நிலையாக நிற்கும் பயிற்சியும் பலம் கூட்டும் பயிற்சியும் சேர்ந்த இடத்தில் நூற்றுக்கு 34 குறைந்தது. சீனத்துத் தாய்ச்சிப் பயிற்சியும் பலன் அளித்தது. ஆனால், வெறும் நடைப்பயிற்சி மட்டும் விழுவதைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான அத்தாட்சி கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை நம் டவுன் நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். நடை நல்லதுதான். இருதயத்துக்கு நல்லது, மனத்துக்கு நல்லது. ஆனால் கால் பலத்துக்கும் நிலைக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி என்றால் என்ன?

பயிற்சி என்றதும் கண்ணாடி போட்ட கூடத்தில், இரும்பு மெஷின்களுக்கு நடுவில், மாதம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிச் செய்யும் காரியம் என்று நினைக்கவேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு படி இருந்தால் போதும்.

முதலாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழவேண்டும். தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காரவேண்டும். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து, பிறகு பத்துப் பத்தாக இரண்டு தடவை.

இரண்டாவது, சுவரையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரல்களில் நிற்பது. பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது.

மூன்றாவது, காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. இது இடுப்புத் தசைக்கு.

நான்காவது, நிலைப் பயிற்சி. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டிவைத்து நிற்பது. பிறகு அப்படியே கோடுபோட்டது போல் நடப்பது. பிறகு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவரோ ஆளோ கட்டாயம் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, ஒரு படியில் ஏறி இறங்குவது.

ஒவ்வொன்றும் கொஞ்சம் கடினமாக இருந்தால்தான் பலன். எளிதாகிவிட்டால் ஒரு படி கூட்டவேண்டும். பழைய கால்சட்டைத் துணியில் அரைக்கிலோ மணலைத் தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம். பிறகு ஒரு கிலோ. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிலையும் பலமும் கூட்டும் இத்தகைய பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. நிலையைச் சோதிக்கும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்த இடங்களில் பலன் அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நிறுத்தினால் பலமும் போய்விடும். ஆகவே இது பத்து நாள் முகாம் அல்ல, வாழ்நாள் பழக்கம்.

எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் கண்டால் உடனே நிறுத்தவேண்டும். அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், இருதய நோயாளிகள், முன்பே விழுந்து அடிபட்டவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்கவேண்டும். கண்புரையை எடுக்காமல் காலத்தைக் கடத்துவதும், தூக்க மாத்திரையை வழக்கமாக விழுங்குவதும் விழுவதற்குக் காரணமாகின்றன. இவற்றையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். கொல்லைக்கு ஒரு விளக்கு, கழிப்பறையில் ஒரு கைப்பிடி, பாசியைச் சுரண்டிய கல் ஆகியவை பயிற்சிக்குத் துணை.

நம் சங்கக் கட்டடத்தில்

அந்தத் தாய் மறைந்த பிறகு நாம் சும்மா இருக்க முடியவில்லை. நம் டவுனில் உள்ள சங்கக் கட்டடத்தில், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். அவர்களில் ஒரு பஸ் கண்டக்டரின் மகன் பிஸியோதெரபி படித்தவர். அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். “வாரம் மூன்று நாள் நான் வருகிறேன், ஆள் சேர்ப்பது உங்கள் வேலை” என்றார்.

ஆள் சேர்ப்பது நமக்குத் தெரிந்த வேலைதான் என்று நினைத்தோம். நினைத்தது போல் நடக்கவில்லை. முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். “ஸ்கூல் பையனுக்குத் தோப்புக்கரணம் மாதிரி இருக்கிறதே தோழர்!” என்றார் ஒருவர். மறுவாரம் ஏழு பேர். அதற்கு மறுவாரம் நான்கு பேர்.

பெண்கள் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய் விசாரித்தோம். ஒரு தாய் சொன்னார்: “ஆறு மணிக்கு அடுப்படியை விட்டுட்டு நான் எப்படித் தம்பி வர்றது? பேரப்புள்ளைங்க பள்ளிக்கூடம் போகவேண்டாமா?” நமக்கு வெட்கமாக இருந்தது. முதியோருக்கான திட்டம் போட்ட நாம், மூதாட்டிகளின் உழைப்பு இன்னும் ஓயவில்லை என்பதை மறந்திருந்தோம். நேரத்தை மாலை நான்கு மணிக்கு மாற்றினோம். பெண்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் வந்து விடாமல் செய்வதைக் கண்டு ஆண்களும் திரும்பி வந்தார்கள்.

பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் வழுக்கின. சுவரோடு ஒட்டிப் போட்டோம். மணல் பைகளை ஒரு தையல் தொழிலாளி கூலி வாங்காமல் தைத்துக்கொடுத்தார். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் கட்டினோம். செலவு என்று பார்த்தால் டீச் செலவுதான்.

அங்கே நடந்ததை மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஒரு சங்கக் கட்டடத்து அனுபவத்தை வைத்து விஞ்ஞானம் பேசக்கூடாது. ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்லலாம். முதல் நாளில் இரண்டு கையையும் ஊன்றி, “முருகா” என்று பெருமூச்சோடு எழுந்த ஒரு பழைய மில் தொழிலாளி, மூன்றாவது மாதத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்தார். பஸ்ஸில் ஏறும்போது யாராவது கைகொடுக்க வேண்டியிருந்த ஒரு தாய், ஒரு நாள் நம்மிடம் வந்து, “நேத்து நானே ஏறிட்டேன்” என்றார். பெரிய சாதனையா என்று கேட்கலாம். பஸ்ஸில் தானே ஏற முடிகிற மனிதர் பென்ஷன் வாங்கத் தானே போவார்; ஆஸ்பத்திரிக்குத் தானே போவார்; பேத்தியின் கல்யாணத்துக்குத் தானே போவார். முடியாதவர் இன்னொருவர் கையை எதிர்பார்த்து வாசலில் காத்திருப்பார். இது சிறிய வித்தியாசமா?

பிற நாடுகளில்

கியூபாவில் 1984-ல் குடும்ப டாக்டர் முறையைத் தொடங்கினார்கள். வட்டாரத்துக்கு ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். அந்த முறையோடு சேர்ந்து ‘தாத்தா பாட்டி வட்டங்கள்’ வளர்ந்தன. காலையில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் முதியவர்கள் கூடுகிறார்கள். தேகப்பயிற்சி ஆசிரியர் பயிற்சி அளிக்கிறார். குடும்ப டாக்டர் அவர்களை அனுப்பிவைக்கிறார். அந்த நாடு இன்று கடுமையான பொருளாதார நெருக்கடியில் இருக்கிறது. அங்கே எல்லாம் குறைவற நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஜனத்தொகையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்த அந்த ஏழை நாடு, முதியோர் பயிற்சியைப் பொதுக் காரியமாகக் கருதியது என்பதைத்தான் சொல்கிறோம்.

ஜப்பானில் 1928 முதல் ரேடியோ வழியாகத் தேகப்பயிற்சி நடத்துகிறார்கள். யுத்தத்துக்குப் பின் சில காலம் நின்று, 1951-ல் மறுபடி தொடங்கினார்கள். ரேடியோவில் இசை ஒலிக்க, தெருவிலும் பூங்காவிலும் கிழவரும் குழந்தையும் சேர்ந்து செய்கிறார்கள். அரசியல் அமைப்பு வேறு, பொருளாதாரம் வேறு. ஆனால் அங்கும் இது பொதுக் காரியம்.

நம் நாட்டில் மட்டும் இது ஏன் காசுள்ளவர் காரியமாக இருக்கவேண்டும்?

சர்க்கார் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் 75 லட்சம். நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் நூற்றுக்குப் பதினெட்டை எட்டும் என்று மத்திய சர்க்காரின் நிபுணர் குழு மதிப்பிட்டது. இந்த முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வயலிலும் மில்லிலும் கட்டடத்திலும் அடுப்படியிலும் உழைத்துத் தேய்ந்தவர்கள்.

காகிதத்தில் திட்டம் இல்லாமல் இல்லை. மத்திய சர்க்கார் 2010-11-ல் முதியோர் சுகாதாரத்துக்கென்று தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் கிளினிக், ஜில்லா ஆஸ்பத்திரியில் தனி வார்டு, பிஸியோதெரபி என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. தமிழ்நாடு சர்க்கார் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கே மருந்தும் பிஸியோதெரபியும் கொண்டுபோக ஏற்பாடு செய்தது. நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம். ஆனால் வீட்டுக்கு வரும் பிஸியோதெரபி பெரும்பாலும் படுத்தபின் வரும் உதவி. படுக்காமல் காப்பதற்கு என்ன ஏற்பாடு?

நாம் கேட்பவை நான்கே:

ஒன்று: ஒவ்வொரு ஊராட்சியிலும், நகரத்தின் ஒவ்வொரு வார்டிலும் வாரம் மூன்று நாள் முதியோர் பயிற்சி வகுப்பு நடக்கவேண்டும். சமுதாயக் கூடமும் பள்ளிக்கூட மைதானமும் மாலையில் சும்மாத்தானே கிடக்கின்றன!

இரண்டு: இதற்குப் பிஸியோதெரபிஸ்டுகளை நிரந்தரமாக நியமிக்கவேண்டும். அவர்கள் உள்ளூர்ப் பெண்களுக்கும் வாலிபர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அவர்கள் வகுப்பை நடத்தலாம். ஆனால் அவர்களுக்கு ‘சேவை’ என்ற பெயரில் சொற்பத் தொகை கொடுத்து ஏமாற்றாமல் நியாயமான ஊதியம் கொடுக்கவேண்டும்.

மூன்று: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு முதியவரையும் “இந்த ஆண்டில் விழுந்தீர்களா?” என்று கேட்கவேண்டும், நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்க்கவேண்டும். இதற்கு மெஷின் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும்.

நான்கு: முதியோர் பென்ஷன் சாப்பாட்டுக்குப் போதுமானதாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் நாள் ஒன்றுக்கு விழுவது நாற்பது ரூபாய். நாற்பது ரூபாயில் பருப்பு வாங்குவதா, முட்டை வாங்குவதா, மாத்திரை வாங்குவதா? வெறும் சோற்றில் தசை வளராது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். இடுப்பெலும்பு முறிந்த ஒருவருக்கு ஆபரேஷனுக்கும், படுக்கைக்கும், மாதக்கணக்கான பணிவிடைக்கும் ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கட்டும். முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். பணிவிடை செய்வதற்காகக் கூலி வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த மருமகளின் இழப்பையும் சேர்க்கட்டும். பிறகு எது மலிவு என்று சொல்லட்டும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கலாமா? கூடாது. கோரிக்கை ஒரு கையில், வேலை மறு கையில் இருக்கவேண்டும். சங்கக் கட்டடம் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தொடங்கலாம். படிப்பகங்களிலும், மாதர் அமைப்புகளிலும், கோயில் மண்டபத்திலும், மசூதித் திடலிலும், மாதா கோயில் வளாகத்திலும் தொடங்கலாம். கால் பலம் சாதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு முதியவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனால், “நீ உட்காரு, நான் எடுத்துத் தருகிறேன்” என்று ஓடாதீர்கள். பக்கத்தில் துணையாக நில்லுங்கள், எழட்டும், நடக்கட்டும். அவரை உட்கார வைப்பது அன்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவரை நடக்க வைப்பதுதான் அன்பு.

முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. “இனி எனக்கென்ன, போகிற காலம்” என்று சொல்லாதீர்கள். நீங்கள் நட்ட வயலில் இன்னும் நெல் விளைகிறது. நீங்கள் கட்டிய சங்கம் இன்னும் நிற்கிறது. நீங்களும் நிமிர்ந்து நிற்கவேண்டும்.

இன்று மாலையே ஒரு நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். ஐந்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். நாளை பக்கத்து வீட்டுக்காரரையும் அழையுங்கள். பத்துப் பேர் சேர்ந்ததும் ஊராட்சித் தலைவரிடம் போய்ச் சமுதாயக் கூடத்தின் சாவியைக் கேளுங்கள்.